ஹந்தானைத் தேயிலை நூதனசாலை

கண்டி மாநகருக்குத் தெற்கே ஏழு சிகரங்களோடு நீண்டு கிடக்கும் மலைத்தொடர் ஹந்தானை. அதன் அடிவாரத்தின் ஒரு பக்கத்தே பேராதனைப் பல்கலைக்கழகம் விளங்குகின்றது. மற்றொரு பக்கத்தே நகரத்து வீடுகள் படிப்படியாக மலைமீது ஏறிக்கொண்டிருக்கின்றன. இடையிடையே தேயிலை மலைகளும், புல்வெளிகளும், பைன் மரத் தோப்புகளும் உள்ளன. பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்கு வந்த நாள்முதல் அங்குப் பயின்ற மாணவர் பரம்பரைகளுக்கு ஹந்தானை என்பது காதலையும் கவிதையையும் நினைவூட்டும் பெயர். மலைநாட்டுத் தமிழருக்கோ அது உழைப்பை நினைவூட்டும் பெயர். அம்மலையிலே, நகரிலிருந்து ஏறக்குறைய 2 மைல் தூரத்தில், இலங்கைத் தேயிலை நூதனசாலை அமைந்துள்ளது. உயர்வகுப்பு மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு அதனைக் காணச் சென்றிருந்தேன். அங்குக் கண்டவற்றையும் அவை என் உள்ளத்தில் எழுப்பிய எண்ணங்களையும் இவ்விழா மலரில் எழுதுவது பொருந்தும் என்று கருதுகின்றேன்; ஏனெனில், அவ்வெண்ணங்களில் நம் கல்லூரிக்கும் ஒரு பங்குண்டு.

வழியில் மாணவன் ஒருவன், "ஐயா, நூதனம் என்றால் புதுமை அல்லவா? பழைய பொருள்களை வைத்திருக்கும் இடத்திற்கு நூதனசாலை என்று பெயரிட்டது ஏன்?" என்று வினவினான். நல்ல வினா. பழைய பொருள் புதிய கண்ணுக்குப் புதுமையாகத் தோன்றும் இடம் என்று பொருள் கொள்ளலாம் என்றேன். அவன் முழுவதும் உடன்பட்டதாகத் தெரியவில்லை. ஆயினும் அன்று மாலை திரும்பும்போது அவனே அப்பெயரைக் குறித்து வேறொன்று கூறினான். அதனைப் பின்னர் சொல்வேன்.

நூதனசாலைகளுள் இரு வகை உண்டு. மன்னரின் முடியையும் வாளையும் காட்டுவன ஒரு வகை. ஒரு தொழிலின் வரலாற்றை, அத்தொழில் நடந்த மனையிலேயே காட்டுவன மற்றொரு வகை. அமெரிக்காவின் அற்லாந்தா நகரில் டெல்டா என்னும் ஆகாய விமான நிறுவனம், தான் 1940களில் பயன்படுத்திய விமானக் கொட்டகைகள் இரண்டையே நூதனசாலையாக்கி 1995இல் திறந்தது. விமானங்கள் பழுதுபார்க்கப்பட்ட தளத்திலேயே இன்று அவ்விமானங்கள் காட்சிப் பொருளாக நிற்கின்றன. ஹந்தானை நூதனசாலையும் இவ்வகையைச் சார்ந்ததே. 1925இல் கட்டப்பட்ட ஹந்தானைத் தேயிலைத் தொழிற்சாலை அது. பத்தாண்டுகளுக்கு மேலாகக் கைவிடப்பட்டுக் கிடந்த அக்கட்டடத்தை, இலங்கைத் தேயிலைச் சபையும் தோட்ட முதலாளிமார் சங்கமும் 1998இல் திருத்தியமைக்கத் தொடங்கின. 2001இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

தோட்டத்து மக்கள் தேயிலைத் தொழிற்சாலையை 'ஸ்டோர்' என்றே அழைப்பர். ஸ்டோர்களின் அமைப்பை அறிந்தவர்க்கு இக்கட்டடம் புதிதன்று. நீண்ட மாடிகள், மாடிதோறும் வரிசை வரிசையாகக் கண்ணாடிச் சாளரங்கள். இச்சாளரங்கள் அழகுக்காக வைக்கப்பட்டவை அல்ல. மலையிலிருந்து வந்த பச்சைக் கொழுந்தை மேன்மாடிகளிலே தட்டுகளிற் பரப்பி, காற்றோட்டத்தில் 12 மணி முதல் 18 மணி நேரம் வரை வாட்டுவார்கள். வாடிய கொழுந்து கீழ்த்தளத்திற்கு வந்து றோலர் இயந்திரத்தில் உருட்டப்படும். பின்னர் அது புளிக்கவைக்கப்பட்டு, சூட்டடுப்பிற் காய்ந்து, சல்லடைகளில் ஏறி இறங்கி, தூளின் பருமனுக்கேற்பத் தரம் பிரிக்கப்படும். ஏறக்குறைய நாலரை இறாத்தல் பச்சைக் கொழுந்து ஓர் இறாத்தல் தேயிலையாகும். எஞ்சிய மூன்றரை இறாத்தலும் நீர். அது காற்றோடு போய்விடும். கொழுந்து பறித்தவளின் முதுகு சுமந்தது மட்டும் நாலரை இறாத்தலையும்!

கீழ்த்தளத்திலும் இரண்டாம் மாடியிலும் பழைய இயந்திரங்கள் வைக்கப்பட்டுள்ளன. முதலில் கையால் உருட்டப்பட்ட கொழுந்து எவ்வாறு இயந்திரத்தின் வசமாயிற்று என்பதை இங்கே படிப்படியாகக் காணலாம். பெல்பாஸ்ற் நகரத்துச் சாமுவேல் டேவிட்சன் அமைத்த 'சிறொக்கோ' என்னும் உலர்த்தும் இயந்திரமும், 1880இல் ஜோன் வாக்கர் கம்பனியார் இங்குச் செய்த முதலாவது உருட்டும் இயந்திரமும் இத்தொழிலின் போக்கையே மாற்றியவை. இவ்வியந்திரங்கள் இன்றேல் மலைநாட்டுத் தேயிலை 1883இல் கொழும்பு ஏலத்திற்கு வந்திராது. உலகச் சந்தையைப் பிடித்துமிராது. வார்ப்பிரும்பில் செய்தவரின் பெயரும் ஊரும் புடைத்து நிற்க, அவை நூறாண்டு கடந்தும் உறுதியாக நிற்கின்றன.

றோலர் ஒன்றின் அருகில் சற்று அதிக நேரம் நின்றேன். என் பாட்டனார் தம் வாணாளிற் பெரும்பகுதியை ஒரு ஸ்டோரில் றோலர் பக்கத்தில் கழித்தவர். எந்நேரமும் அவர் கைகளில் தேயிலைச் சாறு ஊறிய கருமை இருக்கும்; எந்தச் சவர்க்காரத்திற்கும் அது போகாது. கடிகாரம் பாராமலே, புளிக்கும் கொழுந்தின் மணத்தைக் கொண்டு, "இப்போது அடுப்புக்கு எடுக்கலாம்" என்று சொல்லுவார் என்பர். பச்சை நாற்றம் நீங்கிப் பழ மணம் ஒன்று வரவேண்டுமாம். சிறிது முந்தினால் தேநீர் கசக்கும். சிறிது பிந்தினால் சாரமற்றுப் போகும். இதனை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. பள்ளிக்கூடத்தின் படியை மிதித்தவருமல்லர். அவ்வறிவு அவருடைய மூக்கிலும் விரல் நுனியிலும் இருந்தது. அவரோடு அது மறைந்தது.

நான் இவ்வாறு நின்றுகொண்டிருக்கையில் மாணவி ஒருத்தி, "ஐயா, இந்த இயந்திரத்தைச் செய்தவர் பெயர் இரும்பிலே இருக்கிறது. இதை ஓட்டியவர் பெயர் எங்கே இருக்கும்?" என்று கேட்டாள். அவ்வினாவுக்கு என்னிடம் உடனே விடையில்லை.

முதலாம் மாடியில் நூல்நிலையமும், தேயிலைத் தொழிலின் முன்னோடிகளைப் பற்றிய காட்சிப் பொருள்களும் உள்ளன. அவர்களுள் தலையாயவர் ஜேம்ஸ் டெயிலர். 1835இல் ஸ்கொத்லாந்திற் பிறந்து, 1852இல் 16 வயது இளைஞராக இலங்கைக்கு வந்தவர். ஹந்தானைக்கு அப்பால், ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில், 1867இல் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார். கண்டிக்குப் புகைவண்டி வந்ததும் அவ்வாண்டிலேயே. இரண்டாண்டுகளின் பின் கோப்பிச் செடியைப் பூஞ்சணநோய் பற்றி, கோப்பித் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அழிந்தன. அக்காலை டெயிலரின் 19 ஏக்கரே மலைநாட்டிற்கு வழிகாட்டிற்று. 1873இல் 23 இறாத்தல் தேயிலை இலண்டனுக்குச் சென்றது. ஒரு பள்ளி மாணவன் தோளிற் சுமந்து செல்லத்தக்க அச்சிறு சுமையே இந்நாட்டின் பெருஞ் செல்வத்திற்குத் தொடக்கமாயிற்று.

டெயிலர் பெருமை பாராட்டாத உழைப்பாளி. தொழிலாளர் அவரைச் 'சாமித்துரை' என்று அழைத்தனர் என்பர். 1892 மே மாதம் அவர் லூல்கந்துரையில் இறந்தபோது, அவருடைய உடலைத் தொழிலாளர் 24 பேர், பன்னிருவராக இரண்டு அணி வகுத்து, முறை மாற்றிச் சுமந்துகொண்டு கண்டி வரையில் வந்தனர். ஏறக்குறைய 18 மைல் தூரம், முழுவதும் மலைப்பாதை. கண்டி மஹியாவை மயானத்தில் அவர் அடக்கஞ் செய்யப்பட்டார். அவருடைய கல்லறையை இன்றும் காணலாம். அவர் பெயரும் ஆண்டும் அதிலே பொறிக்கப்பட்டுள்ளன.

தூக்கி வந்த 24 பேரின் பெயரை நான் எந்நூலிலும் படித்ததில்லை. அவர்கள் எவ்வூரார்? திருச்சிராப்பள்ளியா, புதுக்கோட்டையா, சேலமா? எத்தனை பேர் மன்னார்க் காட்டு வழியே கால்நடையாக வந்தவர்? எத்தனை பேருடைய உடன்பிறந்தார் அக்காட்டிலே மடிந்தனர்? அந்த 24 பேரின் பேரப்பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் இன்று நம் கல்லூரியிலேயே படித்துக்கொண்டிருக்கலாம். அவர்களுக்கும் அது தெரியாது; நமக்கும் தெரியாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டங்களுக்கு ஆட்களைக் கொணர்வதில் ஒரு புதிய முறை வந்தது. தமிழ்நாட்டிலிருந்து புறப்படும் ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு தகரத் துண்டு கொடுக்கப்பட்டது. அதில் தோட்டத்தின் குறியெழுத்தும் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். கழுத்திற் கயிற்றால் அதனைக் கட்டிக்கொண்டால் புகைவண்டிக்கும் கப்பலுக்கும் அதுவே பயணச்சீட்டு. பயணச் செலவோ தோட்டத்துக் கணக்கில் ஏறும். பொதியில் ஒட்டிய விலாசம்போல, சென்று சேரும் இடத்தை அது காட்டும். செல்பவர் யார் என்பதைக் காட்டாது.

இதனோடு ஒப்பிட ஒன்று நினைவுக்கு வருகின்றது. 1947 டிசெம்பர் 10ஆந் தேதி எயர் சிலோன் நிறுவனத்தின் முதலாவது விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. அது ஒரு டக்கோட்டா விமானம். அதற்குச் 'சீதாதேவி' என்று பெயர் சூட்டியிருந்தனர். விமானத்திற்கு அழகான ஒரு பெயர். அதில் ஏறியவர் ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய பயணச்சீட்டு. அதே கடலைத் தாண்டி அதற்கு முன் நூறாண்டுகளாக வந்த இலட்சக்கணக்கானோரை நினைத்துப் பார்த்தேன். உலோகத்தாலான ஒரு பறவைக்குக் கிடைத்த பெயர்ச் சிறப்பு, இரத்தமும் தசையுமான மனிதருக்குக் கிடைக்கவில்லை.

இதனை நூதனசாலையின் குறையாக நான் கூறவில்லை. அவ்வாறு எவரும் கொள்ளலாகாது. எந்த நூதனசாலையும் தனக்குக் கிடைத்ததையே காட்ட முடியும். இரும்பு கெடாமல் நின்றது. ஆகவே இரும்பு காட்சிக்கு வந்தது. துரைமார் கடிதம் எழுதினர். அக்கடிதங்களைப் பெற்ற உறவினர் அவற்றைப் பேணி வைத்தனர். ஆகவே அவர்களுடைய வரலாறு எழுதப்பட்டது. நம் மூதாதையர் வைத்துச் சென்றவை யாவை? அவற்றை நாம் பேணினோமா? மாணவி கேட்ட வினா உண்மையில் நூதனசாலையை நோக்கியதன்று, நம்மை நோக்கியது.

வைத்துச் சென்றவை இல்லாமற் போகவில்லை. தோட்டத்து வீடுகளில் ஒரு தகரப்பெட்டி இருக்கும். அதில் பழைய சேலைக்கு அடியில் ஒரு காகிதக் கட்டு இருக்கும். அதன் காரணத்தை இளைய தலைமுறையினர் அறிதல் வேண்டும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிற்று. மறு ஆண்டு இந்திய பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் சட்டம் வந்தது. 1946 சனவரி முதலாந் தேதிக்கு முன், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தமைக்குச் சான்று காட்டினாலன்றிக் குடியுரிமை இல்லை என்றது அது. சான்று என்றால் காகிதம். பிறப்புப் பதிவு, சம்பளச் சீட்டு, பள்ளிக்கூடச் சான்றிதழ், கணக்கப்பிள்ளை எழுதிய துண்டு ஆகிய யாவும் உயிரினும் அரியவையாயின. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்று தலைகள் எண்ணப்பட்டன. அண்ணன் ஒரு கரைக்கும் தம்பி மறு கரைக்குமாகப் பிரிந்தனர். அப்போதும் அப்பெட்டியைத் திறந்தே வழி தேடினர். எழுத்தறியாத கிழவிகள்கூட எந்தக் காகிதம் எதற்குரியது என்று மடிப்பைக் கொண்டே அறிந்துவைத்திருந்தனர்.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு அவ்விடர் தீர்ந்தது. நாடற்றிருந்தோர் குடிகளாயினர். அது நமக்குப் பெருமகிழ்ச்சி. ஆனால் அம்மகிழ்ச்சியின் பின்னே ஓர் இழப்பு மெல்ல நடந்துகொண்டிருக்கின்றது. காகிதத்தின் தேவை தீர்ந்தது. ஆகவே காகிதமும் தீர்ந்துகொண்டிருக்கின்றது. லயன் காம்பிராவை விட்டுப் புதுவீட்டுக்குப் போகும்போது தகரப்பெட்டி பழைய இரும்புக்குப் போகின்றது. உள்ளே இருந்தது அடுப்புக்குப் போகின்றது. மேல்மாடியில், நகரமும் தூரத்து மலைகளும் தெரியும் சாளரத்தருகே, நாங்கள் தேநீர் அருந்தியபோது மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "எங்கள் வீட்டிலும் பூட்டியின் பெட்டி இருந்தது, ஐயா. போன தைப்பொங்கலுக்கு வீடு துப்புரவாக்கியபோது எரித்துவிட்டோம். அதில் ஒரு தகரத் தட்டும் இருந்தது. என்னவென்று தெரியவில்லை, தம்பி விளையாடினான்." சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

காலம் கடந்துவிட்டது என்று சோர்வதற்கில்லை. முன்னரே சிலர் வழிகாட்டியுள்ளனர். சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் தோட்டத்து மக்களின் வாழ்வையும் பாடல்களையும் எழுத்திற் பதித்தார். கம்பளைக்கு அண்மையில் பழைய பீகொக் தோட்டத்தில், பழைய லயன் காம்பிராக்களிலேயே, தோட்டத் தொழிலாளர் நூதனசாலை ஒன்றைச் சமூக அபிவிருத்தி நிறுவனத்தார் 2007இல் அமைத்தனர். ஹந்தானையில் இயந்திரத்தைக் கண்டவர் கம்பளையில் அதனை இயக்கியவரின் வாழ்வையும் காணுதல் வேண்டும். இரண்டையும் கண்டவனே தேயிலையின் வரலாற்றை முழுமையாகக் கண்டவனாவான்.

ஒரு பெயர் காக்கப்பட்டால் அது என்ன செய்யும் என்பதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. டெயிலர் வாழ்ந்த அதே ஹேவாஹெட்டைப் பகுதியில், முல்லோயாத் தோட்டத்தில், 1940 சனவரி 10ஆந் தேதி, கூலி உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிர் நீத்தார். அவருடைய உடன் தொழிலாளர் அப்பெயரை மறக்க விடவில்லை. இன்றும் மலைநாட்டுத் தொழிற்சங்க வரலாற்றை எவர் எழுதினும் அப்பெயரை எழுதாமல் அப்பாற் செல்லல் இயலாது. பெயர் ஒன்று நின்றமையால் ஒரு நிகழ்ச்சி நின்றது. நிகழ்ச்சி நின்றமையால் ஒரு மக்கட் கூட்டத்தின் உரிமைக் குரல் நின்றது.

இனி நம் கல்லூரிக்கு வருவோம். விழா எடுக்கும் வேளையில் கட்டடம் எழுப்புவதும், பரிசு நிதி அமைப்பதும் நன்றே. அவற்றோடு ஒன்றையும் பழைய மாணவர் சங்கத்தார் முன் வைக்கின்றேன். நம் நூல்நிலையத்தில் ஓர் ஏடு திறக்கப்படுக. தோட்டங்களிலிருந்து வந்து இங்குப் பயின்ற ஒவ்வொருவரும் தம் பாட்டன் பாட்டியர் பெயர், வந்த ஊர், வேலை செய்த தோட்டம், செய்த வேலை ஆகியவற்றை அதில் எழுதுக. கொழுந்து பறித்தவர், கவ்வாத்து வெட்டியவர், ஸ்டோரில் அடுப்புப் பார்த்தவர், பிள்ளைக் காம்பிராவில் குழந்தைகளைக் காத்தவர் ஆகிய எவரும் விடுபடலாகாது. வீட்டிலே பழைய காகிதம் இருப்பின் அதனைப் படியெடுத்துவைக்க நூல்நிலையம் இடந்தருக. மூலத்தை வீட்டாரிடமே திருப்பிக் கொடுக்கலாம். பெருஞ் செலவில்லை, ஓர் ஏடும், ஓர் அலுமாரியும், ஒழுங்காக அமரும் இரண்டு மாணவரும் போதும். உயிரோடிருக்கும் முதியோரிடம் பேசிக் குறித்துக்கொள்ளும் பணியை உயர்வகுப்பு மாணவர் விடுமுறை நாட்களிற் செய்யலாம். அதற்கு இன்னும் பல்லாண்டு அவகாசம் இல்லை என்பதை மட்டும் நினைவிற் கொள்க.

என் பாட்டனார் பெயரை நான் இக்கட்டுரையில் எழுதவில்லை. குடும்பப் பெருமை பேசுதற்குரிய இடம் இதுவன்று. அந்த ஏடு திறக்கப்படும் நாளில் எழுதுவேன். ஆலையின் பெயரும், றோலரின் வகையும், மணத்தை மட்டுங் கொண்டு பதம் அறிந்த அவர் திறமையும் அங்கே சேர எழுதப்படும்.

காலையில் நூதனசாலை என்னும் பெயரை ஐயுற்ற மாணவன், மலையிலிருந்து இறங்கும்போது சொன்னது இது: "ஐயா, நாம் அறியாதிருந்த நம்மவர் எவ்வளவு பேர்! எனக்கு அவர்கள் எல்லாரும் இன்று புதியவர்கள். பெயர் சரிதான்." அவன் ஏட்டின் பொறுப்பை ஏற்பதாக வாக்களித்திருக்கின்றான். மற்றொரு மாணவரும் அலுமாரி ஒன்றும் வேண்டும்.